காதில் மாட்டியிருப்பது பாட்டு இல்லை

"குவார்ட்டர்ஸா வேணும்? அது நம்ம கையில இல்லையே மேடம்."

என் மனுவைப் படித்துவிட்டு எங்கள் கண்காணிப்பாளர் கேட்ட முதல் கேள்வி இது. தப்பு என்னுடையதும்தான். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிற ஆங்கிலச் சொல்லை அப்படியே தூக்கி, 'ரீசனபிள் அக்காமடேஷன் வழங்கக் கோருதல் – தொடர்பாக' என்று பொருள் வரியில் எழுதியிருந்தேன். அக்காமடேஷன் என்றால் அவருக்கு வீடு, நமக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேருக்கும் வீடுதான். தமிழில் நியாயமான தகவமைப்பு என்கிறார்கள், குறை உள்ளவர் வேலை பார்க்க அலுவலகம் செய்து தரும் ஏற்பாடு. அதை எழுதியிருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது. "என் கணினியில் திரைவாசிப்பான் மென்பொருள் போட்டுக் கொடுங்கள், தபால்களை யூனிகோடில் கொடுங்கள்" என்று எழுதியிருந்தால் விளங்கியிருக்கும். அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தென்மாவட்டம் ஒன்றில், மாநில அரசின் மாவட்ட அலுவலகத்தில் உதவியாளர். குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்தது பொதுப் போட்டியில், மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் அல்ல. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முதலில் சாகும். அதனால் முதலில் போவது இரவுப் பார்வை. அடுத்து ஓரப் பார்வை. நடுப் பார்வை மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். பரம்பரை நோய், எங்கள் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. சின்ன வயதில் தியேட்டருக்குள் நுழைந்தால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வாரம் ஒருநாள் ஆட்டு ஈரலும் கொடுத்தார்கள். ஈரல் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும், கண்ணுக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை. வைட்டமின் குறைவால் வரும் மாலைக்கண் வேறு, இது வேறு.

இந்த நோயின் பெரிய தொல்லை, பார்க்கிறவர்களுக்கு நாம் நடிப்பது போலத் தோன்றும். ஊசியில் நூல் கோப்பேன். கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பேன். அதே நேரம் காலடியில் கிடக்கும் குப்பைக்கூடையில் இடறி விழுவேன். கண்ணுக்கு நேராக ஒரு குழலைப் பிடித்து அதன் வழியே பார்ப்பது மாதிரி என்று சொன்னால் சிலருக்குப் புரியும். வெயிலில் இருந்து அலுவலகத்துக்குள் வந்தால் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. அந்த நேரத்தில் எதிரே வந்து வணக்கம் வைத்த மேலதிகாரிக்கு நான் பதில் வணக்கம் வைக்கவில்லை என்று ஒரு வருடம் ஒரு மனஸ்தாபம் ஓடியது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்து வருடம் மறைத்தேன். 'ஊனம்னு சர்டிபிகேட் வாங்கிட்டா நாளைக்குப் பொண்ணுங்களுக்கு யாரு வருவா' என்பது வீட்டில். ஆபீசில் எனக்கே ஒரு வீம்பு. மாலை கூட்டம் என்றால் காய்ச்சல் என்று லீவு போடுவேன். நீண்ட தபால் என்றால் பிரிவில் இருந்த இளநிலை உதவியாளர் தம்பி ஒருவன், "யக்கா, நான் வாசிக்கேன், நீங்க எழுதுங்க" என்று உட்கார்ந்துகொள்வான். நல்ல பிள்ளை. அவன் இருந்த நான்கு வருடமும் என் தன்பதிவேட்டில் (என் கைக்கு வரும் தபால்களைக் குறிக்கும் பதிவேடு) நிலுவை என்று ஒன்று இருந்ததே இல்லை.

2021இல் அவனுக்கு மாறுதல் வந்தது. ஆறே மாதத்தில் எனக்கு 17(அ) மெமோ வந்தது, அதாவது தபால்கள் நிலுவையானதற்கு ஒழுங்கு நடவடிக்கை விதியின் கீழ் விளக்கம் கேட்டு.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். என்னைக் கெடுத்தது அந்த மெமோ கொடுத்த அதிகாரி என்று ரொம்ப நாள் நினைத்தேன். உண்மையில் என்னைக் கெடுத்தது அந்தத் தம்பியின் நல்ல மனசும் என் வாயடைப்பும். அவன் செய்தது உதவி. எந்தக் கோப்பிலும் இல்லாத உதவி. அவன் போனதும் கூடவே போய்விட்டது. ஏற்பாடு என்று ஒன்று எழுத்தில் இருந்திருந்தால், அவன் இடத்துக்கு வந்தவரிடம் நான் கெஞ்ச வேண்டியிருக்காது. இன்னொன்று: அவன் துணையோடு நான் காட்டிய வேகம்தான் பிற்பாடு எனக்கு எதிரான சாட்சி ஆனது. "இவ்வளவு நாள் நன்றாகப் பார்த்த வேலையை இப்போது மட்டும் ஏன் பார்க்க முடியவில்லை?" மெமோவில் இருந்த வரி அப்படியே இதுதான்.

நிலுவை விழுந்ததற்குக் காரணம் கண் மட்டும் இல்லை, எழுத்துருவும்தான். இதை எழுதாமல் விட்டால் என் கதை பாதி.

பார்வைக் குறைவு உள்ளவர்கள் கணினியில் வேலை செய்யத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் இருக்கிறது. திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் படிக்கும். விலை கொடுத்து வாங்குவதும் உண்டு. என்விடிஏ என்பது முற்றிலும் இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் வளர்த்தெடுத்தது. தமிழும் படிக்கும். விண்டோஸில் வரும் தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொண்டால் காதுக்கு இன்னும் இதம். அந்தக் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வள்ளுவர் எனக்குச் சுற்றறிக்கை படித்துக் காட்டுகிறார் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

ஆனால் வள்ளுவருக்கு யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, மட்டும்தான் தெரியும். நம் அலுவலகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் சாகவில்லை. வானவில், பாமினி போன்றவற்றில் திரையில் தெரிவது தமிழ் வடிவம், உள்ளே இருப்பது ஆங்கில விசைக் குறிகள். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லைத் திரைவாசிப்பான் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று படிக்கும். மூன்று பக்கக் கடிதம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்கள். யூனிகோடைத் தரமாக ஏற்று தமிழக அரசு 2010இலேயே அரசாணை போட்டாயிற்று, கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூன் மாதம். ஆணை போட்டு இத்தனை வருடம் கழித்தும் எங்கள் தட்டச்சர் அம்மா வானவில்லில்தான் அடித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கை பழகியது அது. அதைவிடக் கொடுமை ஸ்கேன் செய்து அனுப்பும் பிடிஎஃப். திரைவாசிப்பானுக்கு அது ஒரு படம். "கிராஃபிக்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

மெமோ வருவதற்கு முன்பே நானாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ஸ்கேன் தபாலை என் சொந்த போனில் படம் எடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக மாற்றி, இயர்போன் வைத்துக் கேட்பது. பிழைகள் இருக்கும், ஆனாலும் பொருள் விளங்கும். மாதக் கணக்கில் இப்படித்தான் ஓட்டினேன். என்ன ஒரு கெட்டிக்காரி என்று எனக்கே பெருமை.

அதுதான் இரண்டாவது மெமோவானது. அலுவலக ஆவணங்களை அனுமதியின்றிச் சொந்தக் கைபேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியது நடத்தை விதிகளுக்கு முரண், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டார்கள். கூடவே ஒரு வரி: பணி நேரத்தில் காதில் கருவி பொருத்திப் பாட்டுக் கேட்கிறார்.

பாட்டு! அன்றைக்கு அழுதது ஞாபகம் இருக்கிறது. அழுதுவிட்டு யோசித்தால், அந்த மெமோவின் முதல் பாதியில் நியாயம் இருந்தது. அரசுக் கடிதத்தை என் சொந்தக் கணக்கில் ஏற்றியிருக்கக் கூடாதுதான். ஆகவே என்னைப் போல இருப்பவர்களுக்கு முதலில் சொல்வது: அலுவலகம் செய்து தர வேண்டிய ஏற்பாட்டை நீங்களே சொந்தக் கருவியில் செய்துகொள்ளாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் "இந்த வழியில் செய்ய அனுமதி கோருகிறேன்" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிவிட்டுச் செய்யுங்கள். பதில் வராவிட்டாலும் அந்த ஒரு பக்கம் பின்னால் உங்களைக் காக்கும்.

17(அ)வுக்கு விளக்கம் கொடுக்க 15 நாள் இருந்தது. நான் முதலில் எழுதிய விளக்கம் ஏழு பக்கம். யார் யார் என்ன சொன்னார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள், எல்லாம் அதில் இருந்தது. எங்கள் சங்கத்தில் ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். "தாயி, இது டைரி. விளக்கம்னா கணக்கு இருக்கணும்."

கணக்கு என்றால் என்ன என்று கேட்டேன். "எத்தன தபால் தேங்கிச்சு, ஒவ்வொண்ணும் உன் கைக்கு எந்த ரூபத்துல வந்துச்சு?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பியது. தன்பதிவேட்டை எடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் பெரிய மகளோடு உட்கார்ந்தேன். மெமோவில் நிலுவை என்று காட்டியிருந்தவை 47 தபால்கள். ந.க. எண் (கோப்பு எண்), வந்த தேதி, எந்த அலுவலகத்திலிருந்து, எந்த வடிவம் என்று நான்கு பத்தி போட்டோம். 47இல் யூனிகோடில் வந்தவை வெறும் 3. மற்ற எல்லாம் ஸ்கேன் அல்லது பழைய எழுத்துரு அல்லது மங்கிப்போன நகல். அதே ஆறு மாதத்தில் யூனிகோடில் வந்து நான் முடித்த தபால்களையும் தனியாக எழுதினோம். அவற்றில் தாமதமே இல்லை. என் வேகம் எங்கே குறைகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எந்த டாக்டரும் கொடுத்திருக்க முடியாது.

டாக்டரும் தேவைப்பட்டார், அது தனிக் கதை. மறைத்து வைத்திருந்ததால் என்னிடம் சான்றிதழ் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் குழுவுக்குப் போனால், அங்கே சார்ட்டில் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். கடகடவென்று படித்தேன். "உங்களுக்கு என்னம்மா குறை?" என்றார்கள். நல்ல வேளை, பார்வைப்புலப் பரிசோதனை அச்சு கையில் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறைபார்வைக்கு இரண்டு வழியில் வரையறை சொல்கிறது. ஒன்று கூர்மை. மற்றொன்று பார்வைப்புலம்: 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை இருந்தால் குறைபார்வை, 10 பாகைக்கும் கீழே போனால் பார்வையின்மை. என்னுடையது 15ஐ ஒட்டி நின்றது. ஆர்.பி. உள்ளவர்கள், கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் முற்றியவர்கள் யாராக இருந்தாலும் பெரிமெட்ரி எனும் அந்தப் பார்வைப்புலப் பரிசோதனை அச்சு இல்லாமல் குழு முன்னால் போகாதீர்கள். சார்ட் உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். 40 விழுக்காட்டுக்கு மேல் என்று சான்றிதழ் வந்தது, அதை வைத்துத் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தேன்.

40 விழுக்காடு பற்றி ஒரு வார்த்தை. ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் அந்த எல்லை. வேலையிடத்தில் வேண்டிய ஏற்பாட்டைக் கேட்க அந்த எல்லை கிடையாது. தேர்வில் எழுத்தர் துணை கேட்ட விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. 30, 35 என்று சான்றிதழ் வாங்கிவிட்டு 'நமக்கு ஒன்றும் இல்லை' என்று திரும்பிவிட்ட எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

விளக்கத்தை இரண்டு பக்கமும் இணைப்புப் பட்டியலுமாகக் கொடுத்தேன். அதோடு தனியாக ஒரு கோரிக்கை மனு, இந்த முறை குவார்ட்டர்ஸ் குழப்பம் இல்லாமல். ஐந்தே ஐந்து கேட்டேன். என்விடிஏ நிறுவ வேண்டும். தபால்கள் யூனிகோடில் அல்லது மூலக் கோப்பாக வேண்டும். ஸ்கேனாக மட்டும் வருபவற்றை அலுவலகக் கணினியிலேயே எழுத்தாக மாற்றித் தர வேண்டும். மேசையை ஜன்னலோரம் மாற்ற வேண்டும். இருட்டிய பிறகு முடியும் கூட்டங்களுக்கும் முகாம் பணிக்கும் விலக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செலவு எழுதினேன். முதல் இரண்டுக்கும் பூஜ்யம். சட்டம் 'அளவுக்கு மீறிய சுமை' ஆகாத ஏற்பாட்டைத்தான் கேட்கச் சொல்கிறது. பூஜ்யம் எப்படிச் சுமையாகும் என்று அவர்களே யோசிக்கட்டும். அந்தச் செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது, அதையும் குறிப்பிட்டேன்.

மனுவை உரிய வழியில் கொடுத்து, துறைத் தலைமைக்கு நேரடியாக முன்நகலும் அனுப்பினேன். உரிய வழி என்பது சில சமயம் மேசை இழுப்பறையோடு முடிந்துவிடும். முன்நகல் ஒப்புகை அட்டை திரும்பி வந்த நாளில்தான் என் மனு இங்கே இழுப்பறையை விட்டு எழுந்தது.

அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி ஆனது. கோபம் போய், அக்கறை வந்தது. அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, "ஏன் மேடம் கஷ்டப்படறீங்க, விருப்ப ஓய்வுல போயிடலாமே. பென்ஷன் வரும். பொண்ணுங்களப் பாத்துக்கலாம்" என்றார். அவர் நிஜமாகவே நல்லது சொல்வதாகத்தான் நினைத்தார். அந்த அறையில் நான் கிட்டத்தட்ட தலையாட்டிவிட்டேன். மெமோவைவிட ஆபத்தானது அந்தக் காபி.

வெளியே வந்ததும் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "பிரிவு 20, உட்பிரிவு 4 வாசிச்சியா இல்லியா?" என்று சத்தம் போட்டார். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்த அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. இருக்கிற வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணியிடம். அதுவும் இல்லாவிட்டால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய 1995 சட்டத்திலும் இது இருந்தது. பணியில் அடிபட்டுக் கால் துண்டிக்கப்பட்டு வெளியே அனுப்பப்பட்ட காவலர் குணால் சிங் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதை வைத்துத்தான் அவருக்கு நியாயம் செய்தது. "ஒதுக்கீட்டில் வராதவர் மாற்றுத்திறனாளி சலுகை கேட்க முடியுமா" என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார், அதற்கும் பதில் அந்த உட்பிரிவுதான். ஒதுக்கீட்டில் வந்தவருக்கு முன்பே இருந்த குறை, எனக்குப் பணியில் இருக்கும்போது முற்றியது. சட்டம் இரண்டு பேரையும் பார்க்கிறது.

ஆகவே ஒரு சின்ன விதி வைத்துக்கொண்டேன். அறைக்குள் நடந்த பேச்சு எதுவானாலும் அன்று மாலையே ஒரு கடிதம்: "இன்று தாங்கள் விருப்ப ஓய்வு குறித்துத் தெரிவித்த ஆலோசனைக்கு நன்றி. பணியில் தொடரவே விரும்புகிறேன். எனது கோரிக்கை மனு மீது ஆணை வேண்டுகிறேன்." மரியாதையாக நாலு வரி. இப்படி இரண்டு கடிதம் போன பிறகு அறைக்குள் கூப்பிடுவது நின்றது.

சட்டப்படி ஒவ்வோர் அரசு அலுவலகமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அப்படி யாரும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, குறைதீர் அலுவலர் பெயர், அவர் வைத்திருக்கும் பதிவேட்டின் நகல், சம வாய்ப்புக் கொள்கையின் நகல் என மூன்றே கேள்வி கேட்டேன். 30 நாள் முடிகிற தறுவாயில் பதில் வந்தது. குறைதீர் அலுவலர் நியமிக்கப்பட்டுள்ளார். யார்? எனக்கு மெமோ கொடுத்த அதே அதிகாரி. சிரிப்புத்தான் வந்தது. அவரிடமே புகார் கொடுத்து, அவரே விசாரித்து, "உரிய வசதிகள் அனைத்தும் உள்ளன" என்று எழுதி முடித்தார். அந்தத் தாள் எனக்குத் தங்கம் மாதிரி. உள்ளே இருந்த வழியெல்லாம் போய்ப் பார்த்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனுக் கொடுத்தேன். சென்னை காமராஜர் சாலையில் அலுவலகம். இங்கே எந்த வாசல் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். மத்திய அரசு அலுவலகம், ரயில்வே, பொதுத்துறை வங்கி என்றால் டெல்லியில் உள்ள முதன்மை ஆணையர். மாநில அரசு, நம்மூர்த் தனியார் நிறுவனம் என்றால் மாநில ஆணையர். மாற்றிப் போட்டால் மாதக் கணக்கில் காகிதம்தான் பயணம் செய்யும். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. ஆணையருக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. முடிவில் வருவது பரிந்துரை. துறை அதை ஏற்று நடக்க வேண்டும், ஏற்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். இடைக்காலத் தடை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். பழைய சட்டத்தின் கீழ் ஆணையர் அப்படித் தடை போட முடியாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாறுதல் ஆணையோ பணிநீக்கமோ தலைக்கு மேல் நின்றால் ஆணையரிடம் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், நம் பக்கத்துக்கு மதுரைக் கிளை.

தோழி ஒருத்தி, ஆபீசில் என்னை இழிவாகப் பேசியதற்குப் பிரிவு 92இல் போலீசுக்கே போ என்றாள். பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை உண்டு. நான் போகவில்லை. எனக்கு வேண்டியது மென்பொருள், யாரும் உள்ளே போவது அல்ல. வேறொருவருக்கு வேறு முடிவு சரியாக இருக்கும்.

ஆணையரிடம் விசாரணைக்கு மகளோடு பஸ்ஸில் போனேன். பட்டியலை வைத்தேன். துறை சார்பில் வந்தவரிடம் ஆணையர் கேட்ட மூன்றாவது கேள்வியே, "மென்பொருள் இலவசம் என்கிறார்களே, நிறுவுவதில் என்ன தடை?" என்பதுதான். நிர்வாகக் கடவுச்சொல் தொழில்நுட்ப ஆளிடம் இருக்கிறது, அவர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார் என்றார் அவர். ஒரு வருடத் தகராறு ஒரு கடவுச்சொல்லில் வந்து நின்றது.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. மென்பொருள் வந்தது. ஜன்னலோரம் வந்தது. இருட்டிய பிறகான பணியிலிருந்து விலக்கு ஆணையாகவே வந்தது. முதல் மெமோ மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது. இரண்டாவதில் எச்சரிக்கை என்று ஒரு வரி எழுதி முடித்தார்கள், நானும் அதை எதிர்க்கவில்லை. மூன்றாவது கோரிக்கை, ஸ்கேன் தபாலை எழுத்தாக மாற்றுவது, இன்றுவரை அரைகுறை. பிரிவில் சிலர் இன்னும் மதியச் சாப்பாட்டில் தள்ளித்தான் உட்காருகிறார்கள். அதற்கு எந்த ஆணையரும் பரிந்துரை செய்ய முடியாது.

தனியார் வேலையில் இருப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு பெருமூச்சு விடுவார்கள் என்று தெரியும். என் நாத்தனார் மகனுக்குக் காது கேட்பது குறைவு, கோயம்புத்தூரில் தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். போன் எடுக்கவில்லை என்று அவனுக்குச் சம்பள உயர்வு நிறுத்தினார்கள். பிரிவு 20 அரசு நிறுவனங்களுக்குத்தான். சட்டத்தின் பெரிய ஓட்டை இது, நான் மென்று விழுங்கிச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்ற பிரிவு 21 தனியாருக்கும் சேர்த்துத்தான். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தரும் வசதிகள் என்ன, பொறுப்பு அலுவலர் யார் என்பது வரை அதில் இருக்க வேண்டும். அவனை இப்படி ஒரு மெயில் போடச் சொன்னேன்: "நமது நிறுவனத்தின் சம வாய்ப்புக் கொள்கையின் நகல் வேண்டுகிறேன். வாடிக்கையாளர்களோடு போனுக்குப் பதில் மெயிலிலும் சாட்டிலும் தொடர்பு கொள்ள அனுமதி வேண்டுகிறேன்." புகார் என்ற வார்த்தையே இல்லை. கொள்கை அவர்களிடம் இல்லை. இல்லை என்று எழுத்தில் சொல்லவும் முடியவில்லை. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினால் 50,000த்துக்குக் குறையாமல் 5 லட்சம் வரை அபராதம் என்பதை அவர்கள் ஆடிட்டர் பார்த்திருப்பார் போல. பத்து நாளில் சாட் வசதி வந்துவிட்டது. சம்பள உயர்வு வரவில்லை, அதற்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. வள்ளுவரைப் படிக்கச் சொன்னேன். "கிராஃபிக்" என்றார். ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதுவும் கோணலாக. மகளிடம் போனில் படித்துக் காட்டச் சொல்லும் பழைய புத்தி ஒரு நொடி எட்டிப் பார்த்தது. விட்டுவிட்டு, பக்கத்து மேசைப் பெண்ணிடம் பொருள் வரியை மட்டும் கேட்டேன். வாசித்தாள்: 'அனைத்துக் கடிதப் போக்குவரத்தும் யூனிகோடு எழுத்துருவில் மட்டுமே மேற்கொள்ளப்பட வேண்டும் – அறிவுறுத்தல்.'

படிக்கத்தக்க வடிவில் மறுபிரதி கோரி, ந.க. எண் போட்டு, அன்றே கடிதம் அனுப்பினேன். தன்பதிவேட்டில் நான்காவது பத்தியில் 'ஸ்கேன்' என்று குறித்து வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. முதல் நினைவூட்டு வரும் திங்கட்கிழமை போகும்.